வாய்க்காலுக்கு மேற்கே: கோட்டக்குப்பத்து விடுதிக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோட்டக்குப்பத்திலும் தந்திராயன்குப்பத்திலும் சின்ன முதலியார்சாவடியிலும் விருந்தினர் இல்லம் நடத்துவோரே, அவ்வில்லங்களின் வாசலில் காத்திருந்து வெளியூராரைப் புதுச்சேரிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர்களே,

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து இறங்குகிறவர் பெட்டியை அறையில் வைத்துவிட்டு முதலில் கேட்கும் கேள்வி உங்களிடம்தான் வருகிறது என்பதாலும், அதற்கு நீங்கள் சொல்லும் ஒரு வரிப் பதில்தான் அவர் இரண்டு நாளும் எந்தத் தெருவில் நடப்பார், எந்தத் தெருவை எட்டியும் பார்க்காமல் ஊர் திரும்புவார் என்பதை முடிவு செய்கிறது என்பதாலும், இம்மடல் சுற்றுலாத் துறைக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது. "எங்கே போகலாம்?" என்று கேட்டால் "ஒயிட் டவுன், ராக் பீச், ஆரோவில்" என்று மூன்று பெயர்களில் பதில் முடிந்துவிடுகிறது. மஞ்சள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, இருட்டியதும் திரும்பும் விருந்தினர் தாம் புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாகவே நம்பிப் போகிறார். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய சில தெருக்களை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

"ஒயிட் டவுன்" என்று நாள்தோறும் நீங்கள் உச்சரிக்கும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் நகரம் இரண்டாகப் பேசப்பட்டது: வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளை நகரம், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி கறுப்பு நகரம். கறுப்பு நகரம் என்ற பெயரைச் சொல்ல இன்று யாருக்கும் வாய் வருவதில்லை, அது நல்லதுதான். ஆனால் ஜோடியில் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை மட்டும் விளம்பரப் பலகையில் மினுக்கி வைத்திருப்பதன் விளைவாக, பெயரில்லாமல் போன பாதி நகரம் விருந்தினரின் கண்ணிலிருந்தும் போய்விட்டது. இதற்குக் காரணம் நீங்கள் மட்டுமல்ல. படம் எடுப்பவரும் பயணக் கட்டுரை எழுதுபவரும் சுவரொட்டி அச்சிடுபவரும் பல காலமாகச் செய்துவந்ததன் கடைசிக் கண்ணியாகவே நீங்கள் நிற்கிறீர்கள். ஆயினும் விருந்தினரின் முகத்தைப் பார்த்துப் பேசும் கண்ணி அது ஒன்றுதான்.

புதுச்சேரி என்பது பேட்டைகளும் குப்பங்களும் சாவடிகளும், மதத்தாலும் தொழிலாலும் சாதியாலும் பிரிந்து நின்ற தெருக்களும் சேர்ந்த ஒரு தொகுப்பாகும். பேட்டை என்பது சந்தையையோ ஒரு தொழிலையோ சுற்றி வளர்ந்த குடியிருப்பு. குப்பம் என்பது கடலோர மீனவர் ஊர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்காகப் பெருவழிகளின் ஓரத்தில் அமைந்த மண்டபம். முதலியார்சாவடி, கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை என்று வடக்கிலிருந்து தெற்காக உங்கள் ஆட்டோ ஓடும் பாதையின் பெயர்களிலேயே இம்மூன்றும் வரிசையாக நிற்கின்றன. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது உங்களில் சிலருக்குப் பத்து ஆண்டுத் தொழிலாக இருக்கலாம். சாவடி என்று முடியும் ஊருக்கு அது பழைய வேலை.

நீங்கள் வாழும் இடமும் இந்தத் தொகுப்பின் உறுப்பு என்பதை நீங்களே நம்பாதிருப்பது வருத்தம் தரும் செய்தி. 2021இல் நகராட்சியாக உயர்ந்த கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த தமிழ்நாட்டு ஊர். அதன் தெற்கு விளிம்பைத் தாண்டியதும் ஒன்றிய ஆட்சிப்பகுதி. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறும்வரை முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவே கிடந்தது இரண்டு நாடுகளின் எல்லை. சட்டப்படி அது முழுமையாக மறைந்தது 1962 ஆகஸ்டு 16 அன்று. அந்த எல்லையின் தழும்பை இன்றும் சில அடி தொலைவுக்குள் பார்க்கலாம்: ஒரு பக்கம் டிஎன் 16 என்றும் மறுபக்கம் பிஒய் 01 என்றும் வண்டி எண்கள் மாறுகின்றன, பெட்ரோல் விலை மாறுகிறது, கோடு தாண்டியதும் மதுக்கடைகள் நெருங்கி நிற்கின்றன. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு நகரிலிருந்து செல்லும் மாணவர் தமக்கே தெரியாமல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடியும் புதுச்சேரிக்குள் புகுகிறார். ஐரோப்பிய வல்லரசுகளின் பேரத்தால் துண்டு துண்டாகிப்போன இந்த நிலவரைபடத்தைக் கண்முன் காட்ட உங்கள் வாசலைவிடப் பொருத்தமான இடம் எது? அதை விட்டுவிட்டு அவசரமாகத் தெற்கே ஓட்டிச் செல்கிறீர்கள்.

கடற்கரையின் பெயரும் அப்படித்தான் போயிற்று. தந்திராயன்குப்பத்தின் கரையை விருந்தினர் "செரினிட்டி பீச்" என்றே அறிகிறார். அங்கே வலை காய்கிறது என்பதையும் அந்த மணலுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதையும் அறியாமலே அலைச்சறுக்குப் பலகையோடு இறங்கி ஏறுகிறார். அக்கரையில் கருங்கற்கள் ஏன் கொட்டப்பட்டிருக்கின்றன என்று அவர் கேட்டால் அதற்கான விடை நகரின் மறுகோடியில் இருக்கிறது. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்கின்றன. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டது. வரவு நின்றபின் வடக்கே உள்ள கரைகளைக் கடல் கொள்ளத் தொடங்கியது. நகரின் முன்பக்கம் கற்சுவரால் காக்கப்பட்டபோது அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவர் குப்பங்களைத் தொட்டது. உலாவரும் கூட்டம் "ராக் பீச்" என்று கொண்டாடும் அந்தப் பாறைகளும் உங்கள் வீட்டுக்குக் கிழக்கே மறைந்துபோன மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பதை விருந்தினர் தெரிந்துகொள்வதால் உங்கள் தொழிலுக்கு எந்த நட்டமும் இல்லை.

எல்லையைத் தாண்டினால் வருவது முத்தியால்பேட்டை. மணிக்கூண்டைக் கடக்கும்போது ஆட்டோவின் வேகம் குறைவது நெரிசலால் மட்டுமே என்பது விருந்தினரின் எண்ணம். தறிச் சத்தத்தால் அறியப்பட்ட நெசவாளர் ஊர் அது. புதுச்சேரியின் செல்வத்தில் பெரும்பங்கு துணியிலிருந்து வந்தது. அவுரியில் தோய்த்த நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குச் சென்று அங்கே கருவேலம் பிசினுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. ஆளுநர் மாளிகையின் தூண்களை வியக்கும் பயணி, அத்தூண்களை நிறுத்திய பணம் எந்தத் தறிகளிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முத்தியால்பேட்டையில் பத்து நிமிடம் இறங்கி நடந்தால் போதும். பின்னர் ஆலைகள் வந்தன: சவானா ஆலை, ரோடியர் என்று மக்கள் அழைத்த 1898ஆம் ஆண்டின் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை. 1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டிலேயே எட்டு மணிநேர வேலைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் கனிவு என்ற கதையைச் சொல்லும் உணவகச் சுவர்களில் இந்தத் தேதி எழுதப்படுவதில்லை.

அஜந்தா சிக்னலை அடுத்து வருவது புல்வார். நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் சாலைகளுக்கு உள்ளூர்த் தமிழில் வழங்கும் பிரெஞ்சுச் சொல் அது. பழைய மதிற்சுவரும் அகழியும் இருந்த கோட்டின்மீதே அச்சாலைகள் ஏறக்குறைய அமைந்தன. அதற்குள் தெருக்கள் கட்டம் போட்ட தாள்போல நேராக ஓடுவதைப் பிரெஞ்சு அழகு என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. 1693இல் நகரைக் கைப்பற்றி 1699வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்தில் அந்த நேர்த்தெருக்கள் உருவாயின. திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பின்பற்றினர். 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கியபின் மீண்டும் எழுந்தபோதும் தெருக்கோடுகள் மாறவில்லை. எனவே வெள்ளை நகரத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பிந்திய கட்டடங்கள். அவற்றுள்ளும் எல்லாம் நிலைக்கவில்லை: கடற்கரைச் சாலையில் மேரி என்று வழங்கிய பழைய நகர்மன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது, இப்போது நிற்பது அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டது.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் நகரம் வேறு மொழியில் பேசத் தொடங்குகிறது. வைசியாள் வீதி என்று மக்கள் சொல்லும் கல்வே சுப்பராய செட்டி வீதியில் ஒரு வீட்டின் முன் விருந்தினரை நிறுத்துங்கள். தெருவிலிருந்து முதலில் வருவது தாழ்வாரம், அதாவது மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. வீட்டுக்காரர் எழுப்பியதே ஆனாலும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குகிற எவருக்கும் அது பொது. அதற்கு உள்ளே ஓர் அடி உயர்ந்து திண்ணை. வந்தவர் யார் என்று தெரியுமுன்பே உட்காரச் சொல்வதற்காகக் கட்டிய மேடை. பிறகுதான் செதுக்கிய கதவும் அதற்கப்பால் வானம் தெரியும் முற்றமும். ஆகத் தெருவில் நிற்பவரை வீட்டுக்குள் இருப்பவரோடு இணைக்க மூன்று படிகள். பல வீடுகளில் இத்தமிழ்க் கீழ்த்தளத்தின்மேல் வளைவுச் சன்னலும் அரைத்தூணும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு மேல்தளம் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு நாட்டுக் கட்டடக்கலை ஒரே சுண்ணாம்புப் பூச்சில் சமாதானமாகப் போவதை அங்கே காணலாம். வெள்ளை நகரத்து வீடோ தெருவுக்கு உயர்ந்த மதிலையும் மூடிய வாயிற்கதவையும் மட்டுமே காட்டுகிறது. எது விருந்தினரை வரவேற்கும் கட்டடம் என்பதை விருந்தோம்பலைத் தொழிலாகக் கொண்ட உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் விருதைவிடத் திண்ணையைப் பற்றிச் சொல்வதே நல்லது.

பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள மாளிகை இந்த இரட்டைக் கட்டடத்தின் மூத்த சான்று. துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைநிலையாளராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தம் இறுதிவரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, துணி விலை, ஆளுநர் மனைவியின் கோபம், தெருச் சண்டை என்று எதையும் விடாமல் எழுதிய அந்தத் தமிழ் ஏடுகள் இல்லாமல் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி எந்த மொழியிலும் முழுமையாக எழுத முடியாது. துய்ப்ளேக்சின் சிலைக்கு விருந்தினரை அழைத்துப் போகும் நீங்கள், துய்ப்ளேக்சைப் பற்றி உலகுக்கு இவ்வளவு சொல்லிவிட்டுப் போன மனிதரின் வீதியை வண்டி நிறுத்த இடமில்லை என்று தவிர்க்கிறீர்கள்.

அருமையானவற்றை மட்டும் காட்டுமாறு இம்மடல் கேட்கவில்லை. மிஷன் வீதியில் சம்பா கோயில் என்று வழங்கும் தேவாலயம் நிற்கிறது. தூய பவுலின் பெயர் தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். இப்போதைய கட்டடம் 1791இல் முடிந்தது. அதற்கு முன்னிருந்த தேவாலயத்தின் உள்ளே தலித் கிறித்தவரைப் பிற சாதிக் கிறித்தவரிடமிருந்தும் ஐரோப்பியரிடமிருந்தும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், 1745இல் அதற்கு எதிராகக் குரல் எழுந்ததையும், அதைத் தொடர்ந்த பூசலையும் ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பே பதிவு செய்கிறது. அதே வளாகத்தின் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் ஆங்கிலேய முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. இன்று ஈசுவரன் கோயில் வீதியில் வழிபடப்படுவது பின்னர் எழுந்த கோயில். தெற்கே முல்லா வீதியும் குத்பா பள்ளிவாசலும் சூழ்ந்த முஸ்லிம் பகுதி, வடக்கே இந்துத் தெருக்கள், நடுவே கிறித்தவத் தெருக்கள் என்ற அடுக்கை ஒற்றுமையின் அடையாளம் என்று இனிப்பாகச் சொல்லி முடிப்பது எளிது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனித் தெருவில் நிறுத்தப்பட்டதும், பிறகு அந்தத் தெருக்களிடையே வணிகமும் உறவும் ஓடியதும் இரண்டும் உண்மை. கோட்டக்குப்பத்தில் பாங்கோசையின் நடுவே வளர்ந்தவருக்கு முல்லா வீதியின் மாலைநேரம் புதிதாக இராது. நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளை இரண்டு இடத்திலும் பார்க்கலாம். இந்த உறவை வெளியூர் வழிகாட்டியைவிட நீங்கள் நன்றாகச் சொல்ல முடியும்.

இன்னும் தெற்கே உப்பளம் என்றொரு பகுதி இருக்கிறது. பெயர் உப்பு விளையும் பாத்தி நிலத்தைக் குறித்தாலும் அங்கே இன்று உப்பு விளைவதில்லை. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போயிற்று. 1818இல் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்த ஒப்புக்கொள்ளப்பட்டது. நீங்கள் அனைவரும் அறிந்த மரக்காணத்துப் பாத்திகளில் வெயில் காலத்தில் இன்றும் வெண்குவியல் எழுகிறது. சென்னையிலிருந்து வரும் விருந்தினர் அந்தக் குவியல்களைக் கார் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே உங்களிடம் வந்து சேர்கிறார். உப்பு விளையும் கரையையும் உப்பின் பெயர் மட்டும் எஞ்சிய பேட்டையையும் ஒரே பயணத்தில் சேர்த்துக் காட்ட ஒரு வாக்கியம் போதும்.

இவற்றுக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் நியாயமானவை. விருந்தினருக்கு இருப்பது சனியும் ஞாயிறும் மட்டுமே; அவர் படத்தில் கண்ட மஞ்சள் சுவரைத் தேடித்தான் வருகிறார்; சவாரிக் கணக்கில் பிழைக்கும் ஓட்டுநர் நடக்கச் சொன்னால் அவர் வயிற்றில் அடித்ததாகும். முதல் இரண்டையும் மறுப்பதற்கில்லை. மஞ்சள் சுவரைப் பார்க்கட்டும், ஆனால் முதல் நாள் மாலை ஒன்றே அதற்குப் போதும். மூன்றாவது மறுப்பு கணக்கிலேயே தவறுகிறது. விருந்தினரை முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் இறக்கி, ஒரு மணிநேரம் கழித்து வைசியாள் வீதியில் விட்டு, மாலையில் உப்பளத்திலிருந்து ஏற்றி வந்தால் அது ஒரு சவாரி அன்று, மூன்று. நான்காவதாக ஒரு மறுப்பு உண்டு, அதை நீங்கள் எழுப்பாவிட்டாலும் அத்தெருக்களில் குடியிருப்போர் எழுப்புவர்: கடலோரத் தெருக்களில் வார இறுதிகளில் நேரும் இரைச்சலும் நெரிசலும் தங்கள் திண்ணைக்கும் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு மதிப்பளித்துத்தான் இக்கோரிக்கை வைக்கப்படுகிறது. வேன் நிறையக் கூட்டத்தை எவரும் அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம், இருவர் மூவராக நடந்து செல்பவர்களை மட்டும் அனுப்புங்கள். திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்றும், தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன் வழிமறித்து நிற்கக் கூடாது என்றும், அறைச் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. நாள்தோறும் போய்வரும் நகரத்தில் உங்களில் பலர் அறிந்தவை ஒரு மருத்துவமனை வாசலும் ஒரு பேருந்து நிலையமும் இரண்டு கடைத்தெருக்களும் மட்டுமே என்றால் அது குற்றமன்று. பிழைப்பு அவ்வளவு தூரமே நடக்க விட்டிருக்கிறது. ஆனால் நடக்காத தெருவை இன்னொருவருக்குக் காட்ட இயலாது. விருந்தினர் குறையும் வாரநாள் காலைகளில், வாரத்துக்கு ஒரு பேட்டை என்ற கணக்கில், வண்டியை நிறுத்திவிட்டுக் காலால் நடந்து வாருங்கள். முத்தியால்பேட்டையில் தொடங்குங்கள், அடுத்து குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும், பிறகு ஈசுவரன் கோயில் வீதி, மிஷன் வீதி, முல்லா வீதி, உப்பளம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவர்; தீர்த்தவாரி என்பது தெய்வத் திருமேனியை நீர்நிலைக்கு எழுந்தருளச் செய்து நீராட்டும் சடங்கு. அந்த நாளுக்கு முன் இந்த நடையை முடித்துக்கொண்டால், அன்று கரையில் சேரும் கூட்டத்தில் எந்தத் தெருவார் எங்கே நிற்கிறார் என்பது உங்களுக்கே அடையாளம் தெரியும்.

உங்கள் வரவேற்பு மேசையில் விருந்தினருக்காக ஒரு பக்க வரைபடத் தாள் கிடக்கிறது. அதில் வடகோடி புல்வாரோடு முடிகிறது, மேற்கே வாய்க்காலைத் தாண்டியதும் தெருப்பெயர்கள் மெல்ல மறைகின்றன, நீங்கள் இருக்கும் ஊர் அம்புக்குறியாக மட்டும் விளிம்பில் நிற்கிறது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நடந்து வந்த தெருக்களை அங்கே உங்கள் கையாலேயே வரையுங்கள். ஆளுக்கு ஒரு பேட்டை என்று பிரித்துக்கொண்டாலும் சரி, ஓட்டுநர் சொல்ல விடுதிக்காரர் எழுதினாலும் சரி. தந்திராயன்குப்பம் என்ற பெயரைச் செரினிட்டிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முதல் கோட்டை உங்கள் தெருமுனையிலிருந்து இழுங்கள்.